மர்த்தோய்த்து அல்ல, மரத்துப் போச்சு

அன்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

"நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்தே பழகிய கை இது. உங்களுக்கு எழுதும்போது இரண்டாம் பாதி உதவாது. முதல் பாதியை மட்டும் சொல்கிறேன். நான் நலம்.

மரியாதைக்குச் சொல்லவில்லை. இன்று காலை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. பி12 இருக்க வேண்டிய அளவுக்குள் இருக்கிறது. வைட்டமின் டியும் மேலே ஏறியிருக்கிறது. பிரபு போனில் பார்த்துவிட்டு "அப்பா, எல்லாம் நார்மல்!" என்று ஹாலிலிருந்து கத்தினான். தேன்மொழி கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். அதை யாரிடம் காட்ட வேண்டும் போல எனக்கு இருந்தது என்பதை இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் பெண் அழுதுவிடுவாள், அடுப்பில் வேறு ஏதோ இருந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். கோடு போட்ட நோட்டில், இரண்டு கோட்டுக்கு ஓர் எழுத்து என்று பெரிதாக எழுதிக்கொண்டு போகிறேன். பார்க்கின்சன் வந்தவர்களுக்கு எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும். "எறும்புக்கா எழுதறீங்க? பெருசா போடுங்க சம்பந்தி" என்று நீங்கள் சொன்னது ஒவ்வொரு வரி முடிவிலும் கேட்கிறது.

முதலில் ஒரு பழைய விஷயம். பிரபு உங்கள் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, "போயும் போயும் கண்டக்டர் வீட்டுச் சம்பந்தமா?" என்று கேட்டவன் நான். மூன்று தலைமுறையாகப் பெங்களூர், முப்பத்துநாலு வருடம் மாநில அரசு அலுவலகம், முட்டைகூட உள்ளே வராத வீடு என்ற திமிர் எனக்கு. நீங்கள் திருப்பத்தூரில் அரசு பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஞாயிறு என்றால் உங்கள் வீட்டில் கறிக்குழம்பு. நான் கேட்ட கேள்வி உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாளும் நீங்கள் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தக் காதுதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

எனக்குப் பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. வலது கை நடுக்கத்தில் ஆரம்பித்தது. மாத்திரை நடுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குரல் இறங்கிப் போயிற்று. நான் சத்தமாகப் பேசுவதாகவே எனக்குத் தோன்றும். எதிரே இருப்பவருக்குக் காற்று மட்டும்தான் வரும். முகமும் அசையாது. நான் யோசித்த பதில் நாக்குக்கு வந்து சேருவதற்குள் மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு மழைக்காலத்தில் பாதம் குறுகுறுக்க ஆரம்பித்தது. பிறகு எரிச்சல். பிறகு பாதம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்துகொண்டிருப்பேன். முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும். இதைச் சொல்லாமல் இருந்தேனா? "கால் மரத்துப் போச்சு" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன்.

இங்கேதான் எங்கள் பெங்களூர்த் தமிழ் என் காலை வாரிவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் "மறந்து போச்சு" என்று சொல்வதில்லை. பால் வாங்க மறந்தாலும், சாவியை மறந்தாலும், கன்னடத்தில் "மர்த்தோய்த்து" என்றுதான் சொல்வோம். பிரபு பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் காதுக்கு அதுதான் பழக்கம். என் வாயிலிருந்து "கால்" காற்றோடு போய்விடும். "மரத்துப் போச்சு" பாதி விழுங்கி வெளியே வரும். அவனுக்குக் கேட்பது "மர்த்தோய்த்து".

"அப்பா, ஒரு கால்ல செருப்பு எங்க?"

"மரத்துப் போச்சு."

"ஏன்ப்பா செவுத்த புடிச்சிட்டே நிக்கிறீங்க? எங்க போகணும்?"

"மரத்துப் போச்சு."

பாவம், அவன் வேறு என்ன நினைப்பான்?

டாக்டரிடமும் அவனே பேசினான். "மரெவு ஜாஸ்தி ஆகிதெ டாக்டர்" என்றான். மறதி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். பார்க்கின்சனோடு மறதியும் வருவது உண்டு. அதனால் டாக்டருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். நடுங்கும் கையால் நான் போட்ட பன்னிரண்டு எண்களும் ஒரே மூலையில் போய் உட்கார்ந்துகொண்டன. அந்தப் பரீட்சையில் நான் ஃபெயில். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, நினைவும் அப்போது கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. எல்லோரும் மறதி என்கிறார்கள், அப்படியானால் மறதிதான் போல என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

மரத்துப்போவதற்குக் கன்னடத்தில் "ஜோமு" என்று தனிச் சொல் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். "தெரிஞ்சும் ஏன் அதச் சொல்லல?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். ஆபீஸ், அரசியல், எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் எனக்குக் கன்னடத்தில் வரும். உடம்பு நோகும்போது மட்டும் வாய் அம்மாவிடம் பேசிய மொழிக்குத் தானாகப் போய்விடுகிறது.

முதலில் வீட்டுச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு கேஸ் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். பிறகு வாசலுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் வந்தது. பிரபுவும் தேன்மொழியும் வேலைக்குப் போகிறவர்கள். நான் எங்காவது போய்த் தொலைந்துவிடுவேனோ, விழுந்து கிடப்பேனோ என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில் ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஓர் இல்லம் பார்த்தான் பிரபு. மறதி நோய்க்காரர்களுக்கென்றே உள்ள இடம். தோட்டம் உண்டு, நர்ஸ் உண்டு, தமிழ் பேசுகிறவர்களும் உண்டாம். கேட் எப்போதும் பூட்டியே இருக்கும். அடுத்த மாதம் முதல் தேதி என்று பேசி முடித்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுதது எனக்குக் கேட்டது. என் காதில் ஒரு கோளாறும் இல்லையே.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் கண்புரை ஆபரேஷனுக்காக ஒரு துணிப்பையோடு அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினீர்கள். வந்த அன்றே ஒரு கூத்து. எதிர்வீட்டு அம்மா உங்களைப் பார்த்து, "பீகரா?" என்று கேட்டார். கன்னடத்தில் பீகர் என்றால் சம்பந்தி. நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டு, "பீகார் இல்லீங்கம்மா, திருப்பத்தூரு" என்றீர்கள். அந்த அம்மா சிரித்ததைவிட நான் அதிகம் சிரித்தேன். என் முகத்தில் அது வெளியே தெரிந்திருக்காது. ஆனால் நீங்கள் என் பக்கம் திரும்பி, "சிரிங்க சிரிங்க, எனக்கு ஒரு நாள் வரும்" என்றீர்கள். மாதக்கணக்கில் யாரும் நான் சிரித்ததைக் கவனித்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உங்களை சோபாவில் உட்கார வைத்தாள் தேன்மொழி. டிவி கூடாது, பேப்பர் கூடாது, குனியக் கூடாது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கேட்பது ஒன்றே வேலை என்று உட்கார்ந்திருந்தீர்கள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குளியலறையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து ஹால் வாசற்படியில் நின்றேன். பிரபு வழக்கம்போல் கேட்டான். நான் வழக்கம்போல் பதில் சொன்னேன்.

"பாத்தீங்களா மாமா? எது கேட்டாலும் இதே பதில்தான்" என்றான் அவன்.

"இரு மாப்ள. இன்னா சொன்னாரு இப்ப?"

"மர்த்தோய்த்துன்னாரு. மறந்துட்டாராம்."

"இல்ல. மொதல்ல 'காலு'ன்னாரு. உனுக்கு அது கேக்கல. காலு மரத்துப் போச்சுங்கறாரு. மறந்து போறவரு எதுக்கு மாப்ள காலுன்னு ஆரம்பிக்கணும்?"

நீங்கள் எழுந்து தட்டுத்தடுமாறி வந்து, என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். "அப்பா, குனியக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல!" என்று தேன்மொழி கத்தினாள். "நான் எங்கம்மா குனியறேன், அவர் கால மேல தூக்கறேன்" என்று என் வலது பாதத்தை எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை வாங்கிக்கொண்டு, "கண்ண மூடுங்க சம்பந்தி. எந்த வெரல தொடறேன்னு சொல்லணும்" என்றீர்கள்.

நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "ஆரம்பிங்க" என்றேன். கண்ணைத் திறந்தால் தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். ஐந்து விரலையும் நீங்கள் இரண்டு சுற்று முடித்திருந்தீர்கள்.

என் காலை மடியில் வைத்துக்கொண்டே நீங்கள் பிரபுவிடம் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "அறுபது பேரு நிக்கற பஸ்ல, பின்னாடி மூலைல ஒரு அம்மா இடுப்புல புள்ளைய வெச்சிகினு வாய்க்குள்ளயே 'கந்திலி'ன்னு ஊர் பேரச் சொல்லும். இஞ்சின் சத்தம் வேற. அத நாம காதுல வாங்கலன்னா அந்தம்மா வேற ஊர்ல போயி எறங்கி நிக்கும் மாப்ள. இவர நீங்க வேற ஊர்ல எறக்கப் பாத்தீங்களே." கடிந்துகொள்ளும் குரலே இல்லை அதில். பிரபு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. யார் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்றேனோ அவர் மடியில் என் கால்.

மறுநாள் டாக்டரிடம் போகும்போது, நானும் வந்தே தீருவேன் என்றீர்கள். கறுப்புக் கண்ணாடியோடு முதலில் நுழைந்த உங்களைத்தான் டாக்டர் நோயாளி என்று நினைத்தார். நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. என்னை நேராகப் பார்த்து, "ஜோமா?" என்று கேட்டார். "ஹவ்து", ஆமாம், என்றேன். அந்த ஒற்றைச் சொல் அன்று எப்படி அவ்வளவு தெளிவாக வந்தது என்று தெரியவில்லை. அவர் ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது அதிர்ந்துகொண்டிருக்கும்போதே என் கணுக்காலில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நெற்றியில் வைத்தார், ஞொய் என்றது. "நான் முன்னாடியே உங்க காலைப் பார்த்திருக்கணும் சார்" என்று உடைந்த தமிழில் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு மனசு வந்ததே, அதற்காக அவரையும் மதிக்கிறேன்.

ரத்தத்தில் பி12 தரைக்குப் போயிருந்தது. ஏன் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னதை, கேட்பவர்களுக்கெல்லாம் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுக்கத்துக்குப் போடும் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடும் சிலருக்கு பி12, பி6 போன்ற சத்துகள் குறைந்து போகலாமாம். நான் கறி, முட்டை தொடாதவன். அதன் மேல், நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் ஒரு மாத்திரை. அதுவும் பி12 உடம்பில் ஏறுவதைக் குறைக்குமாம். மூன்றும் சேர்ந்துகொண்டன. பி12 குறைந்தால் பாதம் மரக்கும், நடை தள்ளாடும், யோசனையும் மந்தமாகும். எல்லாவற்றையும் பார்க்கின்சன் தலையில் கட்டிவிட்டோம், அது ஏற்கெனவே கெட்ட பெயர் வாங்கியதுதானே.

"நாலு நாட்டுக்கோழி அடிச்சிருந்தா இந்த ஊசியே தேவப்பட்டிருக்காது" என்று நீங்கள் அங்கேயே ஆரம்பித்தீர்கள். அதோடு விட்டீர்களா? துணிப்பையிலிருந்து ஒரு பெரிய சத்து மாத்திரை டப்பாவை எடுத்து வைத்து, "இதயும் தினம் மூணு குடுக்கலாங்களா?" என்று கேட்டீர்கள். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதில் பி6 அளவுக்கு மேல் இருந்ததாம். அது குறைந்தாலும் தொல்லை, அளவு மீறிப் போனாலும் நரம்பு கெட்டுக் கால் மரக்குமாம். ரத்தத்தைப் பார்க்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்றார். வெளியே வந்ததும், "நல்ல வேளை, நானே உங்கள மறுபடி மரக்க வெச்சிருப்பேன்" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊசிகள் முதலில் அடுத்தடுத்து, பிறகு வாரம் ஒன்று. காலண்டரில் நீங்கள் "சிங்கிள் 1", "சிங்கிள் 2" என்று பஸ் நடைகளுக்கு டிரிப் ஷீட் எழுதுவது போல் எழுதி வைத்தீர்கள். நர்ஸ் ஊசியை வெளியே எடுத்ததும், "போலாம் ரைட்!" என்பீர்கள். அந்தப் பெண் உங்களுக்காகவே எங்கள் வீட்டுக்கு நேரத்தில் வந்தாள் என்று நினைக்கிறேன். சந்தாபுரா இல்லத்துக்கு பிரபு போன் செய்து வரவில்லை என்று சொன்னபோது நீங்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண் ஆறியதும் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வரத் தெம்பில்லாமல் வாசலில் நின்றேன். "அப்புறம் பாக்கலாம் சம்பந்தி" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பார்க்கின்சன் எங்கும் போய்விடவில்லை. அதற்கு இந்த ஊசி மருந்தல்ல என்று டாக்டர் அன்றே சொன்னார். கை நடுங்குகிறது, நின்ற இடத்தில் கால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எரிச்சல் மெல்ல அடங்கியது. புத்தி தெளிந்தது. வாசல் தாழ்ப்பாளைப் பிரபுவே கழற்றிவிட்டு, சாவியை என் கையில் கொடுத்தான். இப்போது கேள்வி கேட்டால் பதில் வரும்வரை நின்று காத்திருக்கிறான். சில சமயம் அவன் காத்திருப்பதைப் பார்ப்பதற்காகவே நான் தாமதிப்பதும் உண்டு. அப்படி ஐந்து மாதம் கழித்து, ஐப்பசியில் ஒரு காலை, குளியலறையில் கால் வைத்ததும் தரை ஜில்லென்றது.

அந்த ஜில்லை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று நானே போன் போட்டேன். "தரை ஜில்லுன்னு இருக்கு சம்பந்தி" என்றேன். பிறகு அவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்த நன்றியைச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன் நான் கேட்ட கேள்விக்கு மன்னிப்பும் கேட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஹலோ? ஹலோ? யாரு, சம்பந்தியா? ஒண்ணுமே கேக்கல. சிக்னல் இல்ல போல இருக்கு. நேர்ல வரும்போது பேசிக்கலாம். வெச்சிடட்டா?" என்றீர்கள்.

அறுபது பேர் நடுவில் முணுமுணுப்பைப் பிடித்த காதுக்கு என் குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தப் போனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் நெஞ்சு வலி என்று செய்தி வந்தது. நேரில் வந்தது நான்தான். உங்கள் கால்மாட்டில் நின்றேன். சுற்றிலும் அழுகைச் சத்தம். என் வாய் அசைந்ததை யாரும் கவனிக்கவில்லை. என் கால் தேறியது உங்களுக்குத் தேன்மொழி மூலம் தெரிந்திருக்கும். ஆனால் நன்றியும் மன்னிப்பும் அவள் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியவை இல்லையே. அவை வந்து சேர்ந்தனவா சம்பந்தி?

அதனால்தான் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நன்றி. அன்று நான் கேட்டது கேட்கக் கூடாத கேள்வி. மன்னித்துவிடுங்கள்.

ஒரு சேதி சொல்லி முடிக்கிறேன். குரலுக்கும் இப்போது பயிற்சி செய்கிறேன். தினம் காலை வயிற்றிலிருந்து சத்தமாக ஏதாவது ஒன்றைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஆ" என்பார்களாம், எண்ணுவார்களாம். நான் பால்கனியில் நின்று "போலாம் ரைட்" சொல்கிறேன். போன வாரம் கீழே ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஏழாவது தடவை சொன்னதும் டிரைவர் கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். ஏற்ற வேண்டிய சாமான் பாதி தரையில் கிடக்கிறது. ஒர்க்‌ஷாப் முதலாளி மேலே பார்த்துக் கத்தினார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரண்டு மாடி கீழே என் குரல் கேட்டிருக்கிறது!

நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்காரும்போது, என்னைப் போல வாய் அசைந்து சத்தம் வராதவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பிள்ளைகளிடம் கேட்க மாட்டேன். சத்தம் வராத அந்த வாய்களின் பக்கம் காதைக் கொண்டுபோய், "எங்க எறங்கணும்?" என்று கேட்பேன். கேட்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பேன்.

இப்படிக்கு,
கண்டக்டர் வீட்டுச் சம்பந்தி,
ரங்கநாதன்
அடுகோடி, பெங்களூரு